அடிப்பக்கத்தால் போன தண்ணி

2025 செப்டம்பர் 2, செவ்வாய்

தடிமன். மூக்கு இரண்டும் அடைத்துப்போய், எதைத் தின்றாலும் ஒரே மண் ருசி. ஆய்வறிக்கை கொடுக்க இன்னும் இருபத்தெட்டு நாள். பதினான்கு பெண்கள், முப்பத்தொரு மணித்தியாலக் குரல் பதிவு. இதுவரை ஒன்பது பேரைத்தான் எழுத்தாக்கியிருக்கிறேன்.

லெப்டொப் மூன்று கிழமையாகக் கொதிக்கிறது. அரை மணித்தியாலம் வேலை செய்தால் அடிப்பக்கம் ரொட்டிக்கல்தான். உள்ளே விசிறி இருமிக்கொண்டே ஓடுகிறது.

உம்மா வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தா.

"காய்ச்சலா புள்ள?"

"எனக்குத் தடிமன் மட்டுந்தான். காய்ச்சல் இதுக்குத்தான்." லெப்டொப்பைத் தூக்கி அவவின் உள்ளங்கையை அடிப்பக்கத்தில் வைத்தேன்.

"ஓம் புள்ள, சுடுகுது." கையை எடுக்கவில்லை. "இது எதால மூச்சு விடுற?"

காற்றுப் போகிற துவாரங்களைக் காட்டினேன். "இது செத்தா நானும் செத்தன் உம்மா. எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு."

உண்மையும் அதுதான். வேறு எங்கும் ஒரு பிரதி இல்லை. அந்தப் பெண்களின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்திருக்கிறேன்: போனில் வைக்க மாட்டேன், நெட்டில் ஏற்ற மாட்டேன், இன்னொருத்தரின் மெசினில் போட மாட்டேன். இந்த வாக்கு இல்லாவிட்டால் ஒருத்தியும் வாய் திறந்திருக்க மாட்டாள். பதினைந்து வருசம், இருபது வருசம் வெளிநாட்டில் அடுத்தவன் வீட்டுக் குசினியில் நின்றவர்கள். ஊருக்கு அவர்கள் அனுப்பியது மட்டும் வேணும். அவர்கள் பட்டது வேணாம்.

செப்டம்பர் 3, புதன்

கூடப்பிறந்த காக்காவோடு சண்டை. புதிதல்ல.

றுமைஸ் காக்கா ஒன்பது வருசம் கட்டாரில் இருந்து இந்த வீட்டைக் கட்டினார். வீட்டு உறுதிப் பத்திரம் உம்மாவின் பேரில். நான் கலியாணம் முடித்தால் என் பேருக்கு வரும். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம், வீடு பொம்பிளைக்கு. நான் கரையேறினால்தான் அவருக்கு வழி திறக்கும். அவருக்கு முப்பத்திரண்டு வயது. எனக்கு இருபத்துநாலு. கணக்கு எனக்கு விளங்காமலில்லை.

"அந்தப் பொம்புளைகள்ட கதையக் கிண்டி என்னத்தக் காணப்போறாய்? அவங்கட புருசன்மாரு இஞ்சதானே இருக்காங்க."

"அவங்க கட்டின வீட்டுலதானே இருக்காங்க அந்தப் புருசன்மாரு."

"வாய் மட்டுந்தான். ஒரு நாளைக்கு இந்த மெசினத் தூக்கி ஆத்துல போடுறன் பாரு."

உம்மா இடையில் வந்து, "பிளேன்டீ ஆறுது" என்றா. எந்தச் சண்டைக்கும் அவவிடம் இருக்கிற ஒரே வசனம்.

செப்டம்பர் 5, வெள்ளி

உம்மா பெரியும்மா வீட்டில் நபியைப் புகழ்ந்து ஓதுகிற மவ்லூதுக்குப் போய், அங்கே பகிர்ந்த நார்சாச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தா. காக்கா தொடவில்லை. மவ்லூது அவருக்கு ஆகாது. கந்தூரி, தாயத்து, பீங்கானில் ஓதல் எழுதிக் கரைத்துக் குடிப்பது, ஒன்றும் ஆகாது. கட்டாரில் வீட்டுக்கான காசோடு இந்தக் கொள்கையையும் சேர்த்துச் சம்பாதித்துக்கொண்டு வந்தார்.

அவர் பங்கையும் நானே தின்றேன். ருசி தெரியவில்லை. பிடிவாதத்துக்குத் தின்றேன்.

வாப்பா படுக்கையில் கிடந்தபோது உம்மா எழுதிக்கொண்டு வந்த பீங்கான் கோப்பையைக் காக்கா முற்றத்தில் போட்டு உடைத்தது நினைவு வந்தது. வாப்பா அந்தக் கிழமையே மவுத். உம்மா மூன்று மாதம் காக்காவோடு கதைக்கவில்லை. சோறு போட்டுக் கொடுத்தா. கதைக்கவில்லை.

செப்டம்பர் 6, சனி

போச்சு.

காலையில் மூடியைத் திறந்தேன். கறுப்பு. பொத்தானை அமத்தினேன். ஒன்றுமில்லை. சார்ஜரைப் பிடுங்கிக் குத்தினேன். வெளிச்சம் ஒரு தரம் சிமிட்டி நின்றது. மேசை ஈரம். பக்கத்தில் காக்காவின் பிளேன்டீக் கோப்பை, பாதி.

இரவு முழுக்க அது கரண்டில்தான் கிடந்தது. நான் விசரி மாதிரி இன்னும் நாலைந்து தரம் பொத்தானை அமத்தினேன். அமத்தக் கூடாதாம், இப்போதுதான் தேடி வாசித்தேன். நல்லது. படித்தவள்.

"என்னத்த ஊத்தின நீங்க?" என்றேன்.

காக்கா மேசைத் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உம்மாவைப் பார்த்தார். "நான் ஒண்டும் ஊத்தல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

ஆற்றில் போடத் துணிவில்லை. பிளேன்டீ போதும்.

அந்தப் பதினான்கு பேரில் ஆசியா உம்மாவை நினைத்தால்தான் தாங்க ஏலாமல் இருக்கிறது. பதினெட்டு வருசம் சவூதியிலும் குவைத்திலும் வேலை செய்தவ. மார்கழியில் மூன்று நாள் என்னோடு உட்கார்ந்து இரண்டே முக்கால் மணித்தியாலம் சொன்னா. வைகாசியில் வாதம் அடித்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. இப்போது "ம்" மட்டும்தான். அவவின் குரல் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இருந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்களாம், அரிசிக்குள் புதைத்தால் ஈரம் இழுக்குமாம். நான் புதைக்கப் போனேன். உம்மா ஓடிவந்து கையிலிருந்து பறித்தா. "விடு, நான் வெக்கிறன். நீ அரிசியக் கொட்டுவாய்." அரிசி வாளிப் பக்கம் என்னை அண்டவே விடவில்லை. லெப்டொப்பை மையித்து அடக்குகிற மாதிரி அடக்கிவிட்டு, ஒரு மணித்தியாலம் அங்கேயே குந்தியிருந்தா.

செப்டம்பர் 8, திங்கள்

எங்கள் பசாரில் ஷிஹான் என்கிறவனின் லெப்டொப் திருத்துகிற கடை. நான் முன்னால் நிற்கிறேன். அவன் கண் என் தோளுக்குப் பின்னால் ஆம்பிளையைத் தேடுகிறது.

"காக்கா வரல்லியா?"

"லெப்டொப் என்ட."

திறந்துகூடப் பார்க்கவில்லை. சார்ஜரைக் குத்தினான், பிடுங்கினான். "மதர்போர்ட் செத்துட்டு. புதுசு வாங்குங்க."

"உள்ளுக்குக் கெடக்கிறத எடுக்க ஏலாதா?"

"வெச்சிட்டுப் போங்க, மூணு நாளைக்குப் பொறகு பாப்பம். காக்காவ அனுப்புங்க, விளங்கப்படுத்துறன்."

வைத்துவிட்டுப் போவதா? போன வருசம் இப்படித்தான் ஒரு பிள்ளை எங்கேயோ கடையொன்றில் போனை வைத்துவிட்டு வந்தாள். படங்கள் ஊர் முழுக்கப் போயின. கடைக்காரனை ஒருத்தரும் கேட்கவில்லை. அவள்தான் படிப்பை விட்டாள்.

தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கம்பஸில் என் ஆய்வைப் பார்க்கிற சேர் சொன்னார்: "பெக்கப் எடுக்காதது உங்கட பிரச்சின. திகதி மாறாது." தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார்.

செப்டம்பர் 10, புதன்

செங்கலடி. பஸ்ஸில் பத்து நிமிசம். கூடப் படிக்கிற பிள்ளை சொன்ன கடை. வாசலில் பாதி உடைந்த பெயர்ப்பலகை, உள்ளே ஜெயரூபன் என்று ஒருத்தர். முப்பது வயது இருக்கும். கண்ணில் பெரிய பூதக்கண்ணாடி.

"ஒண்டு கேக்கன்," என்றேன். "நான் பக்கத்துல நிக்கக்குள்ளதான் திறக்கணும். நான் போகக்குள்ள அதுவும் என்னோட வரும்."

"உள்ளுக்கு என்ன, சீஐடி பைலா?"

"பொம்புளைகள்ட கதை."

சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலைக் கால் பெருவிரலால் என் பக்கம் தள்ளினார். "இருங்க தங்கச்சி."

அடி மூடியைக் கழற்றினதும் அரைப் பிடி அரிசி கொட்டியது.

"இது என்ன, ரைஸ் குக்கரா?"

"ஈரம் இழுக்குமெண்டு…"

"அரிசி தண்ணிய இழுக்காது. மாவத்தான் குடுக்கும்." விசிறிக்குள் ஒரு தூரிகையை விட்டுச் சுற்றினார். தூசியும் பஞ்சும் மாவும் சேர்ந்து ஒரு அடை. தூசி அடைத்தபடியால்தான் இவ்வளவு நாளும் கொதித்ததாம்.

இந்த மொடலில் ஹார்ட்டிஸ்க் தனியாக இல்லை. மலிவுச் சாமான், நினைவகம் போர்ட்டோடு சேர்த்து ஒட்டியிருக்கிறது. கழற்றி வேறொன்றில் போட ஏலாது. போர்ட் உயிர்த்தால்தான் பைல் வரும். அவ்வளவுதான்.

பிறகு கீபோர்ட்டைத் தூக்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"என்ன ஊத்தின எண்டு சொன்னீங்க?"

"பிளேன்டீ."

"மேலால ஊத்தினா கீபோர்ட்டுக்குக் கீழ நிக்கணும். இஞ்ச ஒரு சொட்டும் இல்ல. சீனி பட்டா பிசுபிசுக்கும். அதுவும் இல்ல." போர்ட்டைத் திருப்பி விசிறித் துவாரத்தைச் சுற்றியிருந்த பச்சைப் பூஞ்சணத்தைக் காட்டினார். "இதால போயிருக்கு. அடிப்பக்கத்தால."

"அடிப்பக்கத்தால எப்படித் தானாப் போகும்?"

"தானாப் போகாது," என்றார். "ஆரோ கவுட்டுப் போட்டு ஊத்தியிருக்காங்க."

பஸ்ஸில் வரும்போது காக்காவின் கோப்பையே கண்ணில் நின்றது. தட்டுப்பட்டு ஊற்றுப்பட்டதென்றால் ஒரு மனிசனை மன்னிக்கலாம். கவிழ்த்துப் போட்டு ஊற்றியிருக்கிறான்.

செப்டம்பர் 11, வியாழன்

காக்காவிடம் கேட்டேன். தெருவுக்குக் கேட்கிற மாதிரித்தான் கேட்டேன்.

"கவுட்டுப் போட்டு ஊத்தியிருக்கு. அடிப்பக்கத்தால. வேலை தெரிஞ்ச ஆள் பாத்துச் சொன்ன. நேருக்கு நேரா ஆத்துல போட்டிருந்தா ஆம்புளையெண்டு சொல்லியிருப்பன்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பிசைந்தபடியே இருந்தான்.

"எனக்குக் கலியாணம் முடிச்சி வெச்சிட்டு உனக்கு ஒரு பொண்ணெடுக்கணும். அதுக்கு நான் படிக்கக் கூடாது. அதானே? அந்தப் பதினாலு பொம்புளைகளுக்கும் என்ன பதில் சொல்லுவாய்? ஆசியா உம்மாக்கு என்ன சொல்லுவாய்? உன்ட கட்டார் காசும் வேணா, வீடும் வேணா. எடுத்துட்டுப் போ."

எழும்பிக் கையைக் கழுவினான். உம்மா வாசல் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. அவன் உம்மாவைத்தான் பார்த்தான், என்னை இல்லை. நாலு ஷேர்ட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு, தான் வேலை செய்கிற அலுமினிய வேலைத்தலத்துக்குப் போய்விட்டான். அங்கேயே படுக்கிறானாம்.

போகட்டும். அவன் கட்டின வீட்டில் அவனில்லாமல் காற்று நன்றாக வருகிறது.

உம்மா பிளேன்டீ ஆறுது என்றுகூடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 13, சனி

செங்கலடி. ஜெயரூபன் பற்தூரிகையும் அல்கஹோலும் கொண்டு போர்ட்டைத் தேய்த்தார். பூஞ்சணம் போன பிறகு மல்டிமீற்றரின் இரண்டு ஊசியையும் வைத்தார். பீப் என்று விடாமல் கத்தியது.

"கத்தக் கூடாத இடம். இந்த லைன் தரையோட ஒட்டிக் கெடக்கு. எங்கயோ ஒரு கெப்பாசிற்றர் செத்துட்டு."

எங்கே என்று தெரியாது. இருநூறு கிடக்கிறது, ஒவ்வொன்றும் எள்ளளவு. அவர் செய்த வேலை எனக்குப் பிடித்தது. அந்த லைனுக்கு மிகக் குறைந்த கரண்டைக் கொடுத்து, போர்ட் முழுக்க அல்கஹோலைப் பூசிவிட்டு, "இப்ப பாருங்க, எந்த இடம் முதல்ல காயுது?" என்றார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். எல்லாம் மினுமினுத்துக்கொண்டிருக்க, ஓரத்தில் ஒரு எள் மட்டும் சட்டென்று காய்ந்தது.

"அங்க," என்றேன்.

"கண் இருக்கு உங்களுக்கு. கம்பஸ விட்டுட்டு இஞ்ச வாங்க."

அதைக் கழற்றினார். பீப் நின்றது. ஆனால் உயிர் வரவில்லை. இன்னும் எங்கேயோ இருக்கிறது. நினைவகத்தின் மேல் தகர மூடியொன்று ஒட்டியிருக்கிறது, அதைச் சூடாக்கித் தூக்க வேணுமாம். தூக்கும்போது பிழை வந்தால் எல்லாம் போச்சு. யோசித்துச் சொல்லச் சொன்னார்.

திரும்பி வரும்போது எங்கள் சந்தியில் ஒருத்தர், வாப்பாவின் கூட்டாளி, "நம்மட ஆக்கள்ட கடைய விட்டுட்டு செங்கலடியில தமிழன்ட கடைக்கு அடிக்கடி போறயாம்" என்றார். "ஓம், அவருக்கு வேலை தெரியும்" என்றேன். பதினாலு பெண்கள் பிளேன் ஏறும்போது இந்தச் சந்தியில் இவருக்கு வாய் இருக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

தடிமன் விட்டுவிட்டது. கருவாடு பொரிக்கிற மணம். உம்மா மூன்று சோற்றுப் பீங்கான் வைத்து, ஒன்றைத் திரும்ப எடுத்து வைத்தா.

செப்டம்பர் 16, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேணும்.

தகர மூடியைத் தூக்கச் சொன்னேன். ஜெயரூபன் சூடு காற்றைப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு மணம் வந்தது. முதலில் எனக்கு விளங்கவில்லை. அவர் மூக்கை உறிஞ்சினார்.

"பன்னீர். எங்கட கோயில்ல தெளிக்கிற பன்னீர்தான். லெப்டொப்புக்குக் கலியாணம் கிலியாணம் கட்டி வெச்சீங்களா?"

மூடி வந்தது. உள்ளே மஞ்சள். காய்ந்த, மெல்லிய மஞ்சள். அதன் ஓரத்தில் ஒரு நார் ஒட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே பிடித்தார். சிவப்பு நார், ஒரு நுனி விரிந்திருந்தது.

"குங்குமப்பூ," என்றார். "தங்கச்சி, உண்மையச் சொல்லுங்க. இதுக்குள்ள புரியாணி ஆக்கினீங்களா?"

நான் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாரை ஒரு கடதாசியில் வைத்தார்.

குங்குமப்பூவைப் பன்னீரில் குழைத்த மை. பீங்கானில் ஓதி எழுதுவது. பிறகு பன்னீராலேயே கரைத்து, வருத்தக்காரருக்குக் குடிக்கக் கொடுப்பது. வாப்பாவின் வாயில் உம்மா கரண்டியால் ஊற்றினது. எனக்குத் தெரிந்த மணம். பத்து நாளைக்கு முன்னால் எனக்கு மூக்கு இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, பெரியும்மா வீடு.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். ஜெயரூபனோடு ஒரு வார்த்தை கதைக்காமல், போர்ட்டையும் கடையில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒருநாளும் விட்டுவிட்டு வராதவள். பஸ்ஸில்தான் நினைவு வந்தது. இறங்கவில்லை.

செப்டம்பர் 17, புதன்

உம்மா குளிக்கப் போன நேரம் அரிசி வாளியை நகர்த்தினேன். பின்னால் ஒரு சின்னச் சோடாப் போத்தல். மஞ்சள் தண்ணி, அரைப் போத்தல். மூடியில் ஒரு தேக்கரண்டி கவிழ்த்து வைத்திருந்தது.

அதை மேசையில் வைத்துவிட்டு இருந்தேன்.

உம்மா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, போத்தலைக் கண்டு, கதிரையில் இருந்தா. மறுக்கவில்லை.

"ரெண்டு கரண்டிதான் புள்ள. அது மூச்சு விடுற இடத்தால."

"மெசினுக்குக் காய்ச்சல் வருமா உம்மா? என்ன கதை இது?"

"நான் விசரியில்ல. மெசினுக்குக் காய்ச்சல் வராதெண்டு எனக்குத் தெரியும்." துவாயை மடித்தா, விரித்தா. "அது செத்தா நீயும் செத்தாயெண்டு சொன்னாய். உனக்குத்தான் ஓதிக்கொண்டு வந்த. உனக்குத் தந்தா குடிப்பியா? மூடத்தனம் எண்டு ஊத்திப்போடுவாய். அவன் கண்டா அல்லாஹ்வுக்கு இணை வைக்கிற ஷிர்க் எண்டு போத்தல உடைப்பான். ரெண்டு பேருக்கும் தெரியாம வேற எங்கதான் நான் ஊத்துற?"

காக்கா பீங்கானை உடைத்த அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்பதை இந்தக் கொப்பியில் ஒரு நாளும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். உம்மா துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தா. நான் பக்கத்தில் நின்று, "டொக்டர் தந்த மருந்த ஒழுங்காக் குடுங்க உம்மா, இதெல்லாம் வேணா" என்றேன். படித்த குரலில்.

"காக்கா சாமானத் தூக்கிட்டுப் போகக்குள்ள பாத்துட்டுத்தானே நிண்டீங்க," என்றேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"கோவத்துல போனவன் வருவான்," என்றா. "இது தெரிஞ்சா வரமாட்டான்."

இது உம்மாவின் வீடு. உறுதியில் அவவின் பேர், முத்திரையோடு. அந்த வீட்டுக்குள் ஒரு போத்தலை வைக்க அவவுக்கு அரிசி வாளிக்குப் பின்னால்தான் இடம். ஒரு பக்கம் மார்க்கம் படித்த மகன், மறுபக்கம் சமூகவியல் படித்த மகள். வீடு பொம்பிளைக்காம். என்ன மயிருக்கு?

பதினாலு பெண்களிடம் முப்பத்தொரு மணித்தியாலம் கேள்வி கேட்டேன். என்னென்ன ஒளித்து வைத்தீர்கள், யாருக்குப் பயந்து, எங்கே என்று. கேள்வித்தாள் இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது. குசினிக்குப் போகிற வழியில்.

செப்டம்பர் 18, வியாழன்

செங்கலடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஜெயரூபன் போர்ட்டை ஒரு துணியில் சுற்றி, அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். "நீங்க இல்லாமத் திறக்கல்ல," என்றார். "சீஐடி பைல்."

இன்றைக்குச் சார்ஜ் ஏற்றுகிற சின்னச் சிப் ஒன்றை வேறொரு செத்த போர்ட்டிலிருந்து கழற்றி இதில் வைத்தார். பொத்தானை என்னையே அமத்தச் சொன்னார். விசிறி சுற்றியது. இருமல் இல்லை. திரை வெளித்தது.

பைல்களை ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்தோம், நான் வாங்கிக்கொண்டு போன டிஸ்கில். ஜெயரூபன் எழும்பி வெளியே போய் பீடி குடித்தார், நான் கேட்காமலே. பதினான்கில் பன்னிரண்டு திறந்தது. இரண்டு திறக்கவில்லை, அந்த வீடுகளுக்குத் திரும்பப் போய்க் கேட்க வேணும். ஆசியா உம்மாவைத் திறந்தேன்.

"எழுதிக்கிறியா மகள்? எழுது. நான் சொல்றன்."

அந்தக் குரல்.

செப்டம்பர் 20, சனி

காக்காவின் வேலைத்தலம். ஒரு ஜன்னல் சட்டத்தை வெட்டிக்கொண்டிருந்தார். வரும் வழியெல்லாம் பொய்யைச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருந்தேன். பொய் சொல்கிற ஆளைக் கண்டால் எனக்குப் பிடிக்காது.

"நான்தான் ஊத்தின," என்றேன். "தண்ணிப் போத்தல் சரிஞ்சிட்டு. இப்பதான் ஞாபகம் வந்த. உங்களுக்குச் சும்மா பழி போட்டுட்டன்."

மெசினை நிறுத்தினார். "எங்க வெச்சி சரிஞ்ச?"

"மேசையில."

"மேசையில சரிஞ்ச தண்ணி அடிப்பக்கத்தால எப்படிப் போச்சு? கவுட்டுப் போட்டு ஊத்தினதெண்டு தெருவுக்கே சொன்ன நீதானே?"

நான் கீழே கிடந்த ஒரு திருகாணியைக் காலால் தள்ளினேன்.

கையிலிருந்த அலுமினியத் தூளைத் தட்டினார். "மேசைத் துணிய நான் அண்டைக்கே மணந்து பாத்தன். உனக்குத்தான் தடிமன்."

"தெரிஞ்சா? தெரிஞ்சும் ஏன் வாயத் திறக்கல்ல? நான் அவ்வளவு கேவலமாப் பேசக்குள்ளயும்?"

"ஒரு பீங்கான் உடைச்சது போதும்," என்றார்.

அளவு நாடாவை எடுத்து அந்த ஜன்னல் சட்டத்தைத் திரும்ப அளந்தார்.

"அதுக்காக அது சரியெண்டு சொல்ல மாட்டன்," என்றார் பிறகு. "பிழை பிழைதான்."

"தெரியும்."

"நீ எழுதுறதும் எனக்குப் புடிக்கல்ல."

"அதுவும் தெரியும்."

"பேருகள மாத்தினியா?"

"எல்லாம் மாத்தின. ஊரையும்."

"ம்," என்று மெசினைப் போட்டார். நான் வாசலுக்கு வந்தபோது பின்னால் கத்தினார்: "உம்மாட்ட சொல்லு, பகல் சோத்துக்கு வாறன். வேற ஒண்டும் சொல்லாத."

செப்டம்பர் 23, செவ்வாய்

ஆசியா உம்மாவின் குரலை அவவுக்கே போட்டுக் காட்டினேன். சரியும் வாயை மகள் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். குவைத்தில் எஜமானியின் நகையைக் களவெடுத்தாளென்று பூட்டி வைத்த கதை வந்ததும், ஆசியா உம்மா நல்ல கையால் கட்டிலைத் தட்டினா. நிறுத்தச் சொல்கிறா என்று நினைத்து நிறுத்தினேன். இன்னும் கோபமாகத் தட்டினா. ஓடவிடச் சொன்னா.

முழுக்கக் கேட்டா. மகளும் கேட்டாள், முதல் தரம்.

செப்டம்பர் 27, சனி

திறக்காத இரண்டில் ஒருத்தி திரும்பச் சொன்னா. மற்றவ கதவைத் திறக்கவில்லை. அவவின் இடம் காலியாகவே போகும். காலி என்று எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்றைக்குக் கொடுக்க வேண்டிய நாள். கம்பஸுக்குக் கொண்டுபோய் விடுவதற்குக் காக்கா வாசலில் மோட்டார் சைக்கிளோடு நிற்கிறார். "அந்தச் சேர் இன்னும் டீ ஊதிக்கிட்டிருப்பார், கெதியா வா" என்று ஹோனை அடிக்கிறார்.

நான் குசினிக்குள் போனேன்.

"போத்தல் எங்க உம்மா?"

உம்மா வாசல் பக்கம் பார்த்தா. காக்கா எங்களைக் கண்டார். கண்டுவிட்டு ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளைத் தெருப் பக்கம் திருப்பினார்.

"எனக்குத் தாங்க. அதுக்கு ஊத்தாதீங்க."

வாளிக்குப் பின்னாலிருந்து எடுத்தா. கரண்டி போத்தல் வாயில் தட்டியது. இரண்டு கரண்டி. எனக்கு நம்பிக்கை இல்லை. நேற்றும் இல்லை, நாளைக்கும் வராது. கைப்பாக இருந்தது. விழுங்கினேன்.

போத்தலை அவ திரும்ப வாளிக்குப் பின்னால் வைக்கப் போனா. நான் வாங்கி, மேசையில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன். எடுக்கவில்லை அவ.

லெப்டொப்பைப் பையில் போட்டேன். "பொறு" என்றா. கையைச் சீலையில் துடைத்துவிட்டு, பைக்குள் கையை விட்டு, அதன் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தா.

"சுடல்ல," என்றா. "போ."